குக்கர் வாங்கலாமா வேணாமா? புதுசா சமைக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

என் அக்கா பொண்ணு போன மாசம் வேலை கிடைச்சு வேளச்சேரி பக்கம் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கா. ஒரு ரூம், ஒரு சின்ன கிச்சன், ரெண்டு பர்னர் அடுப்பு, அவ்வளவுதான். தோசைக்கல், கடாய், ரெண்டு மூணு பாத்திரம் எல்லாம் எடுத்துட்டு பாத்திரக்கடையில நின்னுக்கிட்டே எனக்கு போன் பண்ணி "சித்தி, குக்கர் வாங்கட்டுமா, கடைக்காரர் 5 லிட்டர் எடுங்கன்னு சொல்றார்"னு கேட்டா. இப்ப வாங்காத, வீட்டுக்குப் போ, ஒரு வாரம் கழிச்சு பாத்துக்கலாம்னு சொன்னேன். அப்புறம் அவளுக்கு தினமும் போன்ல கொஞ்சம் கொஞ்சமா சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா புதுசா சமைக்கிற எல்லாருக்கும் இதே குழப்பம்தான் வருது, ஒண்ணு வெடிச்சிடுமோன்னு பயந்து வாங்காமலே இருப்பாங்க, இல்லன்னா தேவைக்கு மேல பெருசா ஒண்ணு வாங்கிட்டு அதைக் கழுவ சோம்பல்பட்டு மாசத்துக்கு ஒரு தடவை கூட எடுக்க மாட்டாங்க.

முதல்ல ஒரு வாரம் எழுதி வைங்க

ஒரு பேப்பர் எடுத்து ஃபிரிட்ஜ் மேல ஒட்டிக்கோங்க, இல்ல போன்லயே எழுதிக்கோங்க. காலை, மதியம், ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு ஏழு நாளைக்கு. என்ன சமைக்க ஆசைன்னு இல்ல, நிஜமா என்ன சமைச்சீங்கன்னு. வெளிய சாப்பிட்டா அதையும் எழுதணும். இது ரொம்ப முக்கியம், ஏன்னா புது வீடு எடுத்த ஜோர்ல தினமும் சாம்பார் ரசம் பொரியல் வைக்கப் போறோம்னு நினைச்சுதான் எல்லாரும் பொருள் வாங்குறோம், ஆனா ஆபீஸ் விட்டு எட்டு மணிக்கு வந்தா முட்டை தோசையோ பிரெட்டோதான் நடக்கும்.

வாரம் முடிஞ்சதும் அதுல சில ஐட்டத்தை மட்டும் வட்டம் போடுங்க. பருப்பு போட்ட எதுவும், அதாவது சாம்பார், கூட்டு, பொங்கல், பருப்பு கடைசல். கொண்டைக்கடலை, பட்டாணி, ராஜ்மா, கொள்ளு மாதிரி ஊறப்போட்டு வேக வைக்கிறது எல்லாம். புழுங்கலரிசி சாதம். மட்டன். உருளைக்கிழங்கு, பீட்ரூட், சேனை மாதிரி முழுசாவோ பெரிய துண்டாவோ வேக வைக்கிற கிழங்கு. இதுல வாரத்துக்கு மூணு வட்டமாவது வந்தா குக்கர் உங்களுக்கு நல்லா உழைக்கும், யோசிக்கவே வேணாம். ஒண்ணோ ரெண்டோதான் வருதுன்னா அடுத்த படியைப் பண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒண்ணுமே வரலையா, உப்புமா நூடுல்ஸ் தோசை முட்டை மீன் குழம்புன்னுதான் ஓடுதா, அப்ப அந்தக் காசுக்கு ஒரு நல்ல அடிகனமான கடாய் வாங்குங்க, அதுதான் தினமும் கைக்கு வரும்.

குக்கர் இல்லாம ஒரு தடவை பருப்பு வேக வச்சுப் பாருங்க

இதை ஏன் சொல்றேன்னா நிறைய பேர் திறந்த பாத்திரத்துல பருப்பு வேக வச்சதே இல்ல. அரை டம்ளர் துவரம்பருப்பை நல்லா கழுவி ஒரு மணி நேரம் ஊற வைங்க. அடிகனமான பாத்திரத்துல ரெண்டு டம்ளர் தண்ணி கொதிக்க விட்டு, கொதி வந்ததும் பருப்பைப் போட்டு, ஒரு சிட்டிகை மஞ்சத்தூள், ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விடுங்க. மேல வெள்ளையா நுரை பொங்கி வரும், அதை கரண்டியில எடுத்துட்டு சிம்ல வச்சு தட்டை லேசா சாச்சு மூடுங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒரு பருப்பை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்கிப் பாருங்க, நடுவுல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா ஒரு புள்ளி நின்னா இன்னும் வேகல. அந்தப் புள்ளி போய் வெண்ணெய் மாதிரி நசுங்கணும். உப்பும் புளியும் அது வரைக்கும் கிட்ட வரக் கூடாது, புளி பட்டா பருப்பு இறுகிக்கும், அப்புறம் எவ்வளவு நேரம் விட்டாலும் மசியாது.

என் வீட்டுல இது முக்கால் மணி நேரம் எடுக்கும். இந்த முக்கால் மணி நேரமும் நீங்க கிச்சன்லயே இருந்து தண்ணி வத்துதான்னு பாக்க முடியுமா, அதுதான் கேள்வி. முடியும்னா, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சாம்பார்னா, குக்கர் இல்லாமலே நிம்மதியா ஓட்டலாம்.

ஒரு விஷயம் கவனிக்கணும். ஒரு மணி நேரம் ஆகியும் பருப்பு கல்லு மாதிரியே இருந்தா அது உங்க கைப்பக்குவத்து மேல தப்பு இல்ல. ஒண்ணு பருப்பு பழசா இருக்கும், ரொம்ப நாள் ஸ்டாக்ல இருந்த பருப்பு வேகவே வேகாது. இல்லன்னா தண்ணி. கல்யாணம் ஆகி முதல்ல நாங்க குடியிருந்த வீட்டுல போர் தண்ணிதான், பக்கெட்ல பிடிச்சு வச்சா மறுநாள் ஓரமெல்லாம் வெள்ளை படிஞ்சிருக்கும், அந்தத் தண்ணியில எந்தப் பருப்பும் முழுசா மசிஞ்சதே இல்ல. ஒரு நாள் கேன் தண்ணியில வேக வச்சேன், அதே பருப்பு, அதே பாத்திரம், அப்படியே குழைஞ்சு வந்துச்சு. தண்ணியில இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் பருப்போட தோல்லயும் உள்ளயும் இருக்குற பசையை இறுக்கிப் பிடிச்சுக்குது, அதான் காரணம். சென்னையில போர் தண்ணி மட்டுமே வர்ற ஏரியாவுல இருக்கீங்கன்னா ஒண்ணு பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்துங்க, இல்ல குக்கர் வாங்குங்க. சோடா உப்பு போட்டா சீக்கிரம் வேகும்னு சொல்லுவாங்க, வேகத்தான் செய்யும், ஆனா பருப்புல இருக்குற பி1 வைட்டமின் அதுல வீணாப் போகும், ருசியும் ஒரு மாதிரி சோப்பு வாடை அடிக்கும், எனக்கு அது பிடிக்காது.

குக்கர் உள்ள என்னதான் நடக்குது

திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரியில கொதிச்சிடும், அதுக்கு மேல நீங்க எவ்வளவு தீ வச்சாலும் ஆவியாத்தான் போகுமே தவிர சூடு ஏறாது. ஆவியை வெளிய விடாம அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி, தண்ணி கொதிக்கிற சூடும் ஏறும். நம்ம வீட்டு குக்கர்ல மூடி மேல வைக்கிற வெயிட் தூக்குற அழுத்தத்துல உள்ள சுமார் 120 டிகிரி இருக்கும். வெறும் இருபது டிகிரிதானேன்னு தோணும், ஆனா அந்த இருபதுலயே வேகுற நேரம் மூணுல ஒரு பங்காக் குறையும். டெனிஸ் பபின்னு ஒருத்தர் 1679-லயே இதைச் செஞ்சு காட்டிட்டார், எலும்பையே மெத்துன்னு வேக வைக்கிற பாத்திரம்னு. கூடவே சேஃப்டி வால்வையும் அவர்தான் யோசிச்சார்.

இதை நான் கண்ணால பாத்தது ஊட்டியில. எங்க சித்தப்பா அங்க வேலையில இருந்தப்ப லீவுக்குப் போவோம். அந்த ஊர் 2,240 மீட்டர் உயரம், அங்க தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிடும். கொதிக்குது கொதிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருப்போம், அரிசி வேகாது. சித்தி வீட்டுல டீ தவிர எல்லாமே குக்கர்தான். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, மூணாறு பக்கம் குடி போறீங்கன்னா ஒரு வாரம் எல்லாம் எழுதிக்கிட்டு இருக்க வேணாம், நேரா போய் வாங்கிடுங்க.

குக்கர் உதவாத இடம்

கீரை போடாதீங்க, நிறம் போய் பாசி மாதிரி ஆயிடும். வெண்டைக்காய், கத்திரிக்காய், மீன், பனீர் எதுக்கும் வேணாம். பிராய்லர் கோழிக்குக் கூட எனக்கு கடாய்தான், அது இருபது நிமிஷத்துல தானே வெந்துடும், குக்கர்ல வச்சா நார் நாரா பிஞ்சு போகுது. நாட்டுக்கோழின்னா வேற கதை, அதுக்கு குக்கர் வேணும். பச்சரிசி சாதமும் திறந்த பாத்திரத்துல கால் மணி நேரத்துல ஆயிடும், வடிச்ச சாதம் உதிரி உதிரியா வர்றது குக்கர்ல வராது. சாதம் மட்டுமே உங்க கவலைன்னா கரண்ட்ல ஓடுற ரைஸ் குக்கரோ, கொதிக்க வச்ச பாத்திரத்தை சூடு தாங்குற டப்பாவுக்குள்ள இறக்கி மூடி வைக்கிற தெர்மல் குக்கரோ போதும், புழுங்கலரிசிக்கு அந்த தெர்மல் குக்கர் ரொம்ப நல்லது, கேஸும் மிச்சம். மூடியைப் போட்டு எண்ணெயில பொரிக்கிற வேலை மட்டும் எந்த குக்கர்லயும் எந்தக் காலத்துலயும் பண்ணக் கூடாது.

ராஜ்மா பத்தி தனியா சொல்லணும். அது அரைவேக்காடா இருந்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி பேதி ஆயிடும், அதுல லெக்டின்னு ஒரு நச்சுப் பொருள் இருக்கு. ராத்திரி முழுக்க ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குறைஞ்சது பத்து நிமிஷமாவது தளதளன்னு கொதிக்கணும், அப்பதான் அது சாகும். சிம்ல மெதுவா வேகட்டும்னு விடுறது இதுக்கு ஆகாது. ராஜ்மா அடிக்கடி சாப்பிடுற வீடுன்னா அது ஒண்ணுக்கே குக்கர் வாங்கலாம்னு சொல்லுவேன்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு போன் போடுங்க

நம்ம ஊர்ல பரண்ல ஒரு குக்கராவது இல்லாத வீடு குறைவு. கல்யாணச் சீர்ல வந்தது, மொய்யில வந்தது, பிரிக்காத டப்பாவோட இருக்கும். அது கிடைச்சா கேஸ்கெட் (மூடியில இருக்குற ரப்பர் வளையம்), சேஃப்டி வால்வு ரெண்டும் புதுசு போடுங்க, ரப்பர் பயன்படுத்தாம இருந்தாலும் வருஷக்கணக்குல இறுகிப் போயிருக்கும். பாத்திரத்தோட வாய் வட்டம் நெளியாம இருக்கான்னு பாருங்க, கீழ விழுந்து நெளிஞ்சிருந்தா ஆவி நிக்காது. உள்பக்கம் விரலை வச்சுத் தடவிப் பாருங்க, ஊசி குத்தின மாதிரி பள்ளம் பள்ளமா இருந்தா அதை வேண்டாம்னு வச்சிடுங்க. கைப்பிடி ஆடுனா ஸ்க்ரூவை முடுக்கிக்கலாம், தெருவுல "குக்கர் ரிப்பேர், கேஸ் ஸ்டவ் ரிப்பேர்"னு கூவிட்டு வர்றவங்களே கூட பண்ணித் தருவாங்க. ஆனா சேஃப்டி வால்வு மட்டும் அந்த குக்கரோட கம்பெனி வால்வாத்தான் இருக்கணும், பத்து ரூபாய் குறையுதுன்னு டூப்ளிகேட் போட்டுடாதீங்க. உள்ள தண்ணி வத்தி சூடு எகிறினா அதுல இருக்குற உலோகம் உருகி ஆவியை விட்டுடணும், அதுதான் அதோட வேலை. டூப்ளிகேட்ல அந்த உலோகம் சரியான சூட்டுல உருகுமான்னு யாருக்கும் தெரியாது.

எத்தனை லிட்டர்

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கடையில சொல்ற லிட்டர் பாத்திரத்தோட முழு கொள்ளளவு. நீங்க அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பக் கூடாது, பருப்பு அரிசி மாதிரி பொங்குற பொருள்னா பாதிக்கு மேல கூடாது. அப்ப 2 லிட்டர் குக்கர்ல தண்ணியும் பருப்பும் சேந்து 1 லிட்டர்தான். ஒரு ஆளுக்கு, சில நாள் ரெண்டு ஆளுக்கு, அது தாராளம். ரெண்டு மூணு பேர்னா 3 லிட்டர். நாலஞ்சு பேர், இல்ல அடுக்குப் பாத்திரம் வச்சு சாதம் பருப்பு காய் எல்லாம் ஒரே நேரத்துல வைக்கணும்னா 5 லிட்டர்.

பெருசா வாங்கி வச்சுக்கிட்டா எப்பவாவது ஆள் வந்தா ஆகும்னு நினைக்காதீங்க. 5 லிட்டர் குக்கர்ல நேரா அரை டம்ளர் பருப்பு போட்டா அது அகலமான அடியில மெல்லிசா பரவி, ஆவி சேர நேரம் எடுத்து, தண்ணி வத்தி, அடி பிடிக்கும். அந்தப் பெரிய பாத்திரத்தைச் சூடாக்கவே கேஸ் போகும். எங்க அக்கா பொண்ணு கடைசியா எடுத்தது 2 லிட்டர்தான், எல்லாரும் சின்னதா இருக்கேன்னு சொன்னாங்களாம், இப்ப வாரத்துல அஞ்சு நாள் அது அடுப்புல ஏறுது.

அலுமினியமா ஸ்டீலா

அலுமினியம் விலை குறைவு, லேசு, சீக்கிரம் சூடேறும், சூடு ஒரே சீரா பரவும். புளி, தக்காளி போட்டு அதுலயே சாம்பார் வச்சு ராத்திரி வரைக்கும் விட்டா நல்லா இருக்காது, பாத்திரமும் கறுத்துப் போகும், அதனால அலுமினியத்துல பருப்பு வேக வச்சு வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு புளி சேருங்க. ஸ்டீல்ல அந்தத் தொல்லை இல்ல, அதுலயே தாளிச்சு அதுலயே குழம்பு வச்சு மூடி வைக்கலாம், ஆனா அடி மெல்லிசான ஸ்டீல் குக்கர் வாங்காதீங்க, தீ படுற இடத்துல மட்டும் வட்டமா கருகும். ஸ்டீல்னா அடியில அலுமினியம் வச்சு அடைச்சதோ, இல்ல பக்கம் முழுக்க மூணு அடுக்கா வர்ற ட்ரை-பிளையோதான் எடுக்கணும், கொஞ்சம் காசு கூட. ரெண்டுக்கும் நடுவுல ஹார்ட் அனோடைஸ்டு, கறுப்பா இருக்கும், அலுமினியம்தான் ஆனா மேல கெட்டியா பதப்படுத்தினது. ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்காம பாத்துக்கணும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வச்சிருக்கீங்களா? அப்ப சாதா அலுமினியம் சூடே ஆகாது. அடியில ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை வச்சுப் பாருங்க, ஒட்டினா ஓடும், ஒட்டலன்னா ஓடாது. கடைக்கே அந்தக் காந்தத்தைக் கையில எடுத்துட்டுப் போங்க.

கடையில என்ன பாக்கணும்

முதல்ல ஐஎஸ்ஐ முத்திரை. இந்தியாவுல வீட்டு குக்கருக்கு ஐஎஸ் 2347-ன்னு ஒரு தரம் இருக்கு, 2021 பிப்ரவரி 1-லிருந்து அந்த முத்திரை இல்லாம விக்கவே கூடாதுன்னு சட்டம். பாத்திரத்து மேலயே முத்திரையும், அது கிட்ட சிஎம்/எல்-னு ஆரம்பிக்கிற ஒரு லைசென்ஸ் நம்பரும் இருக்கும், பிஐஎஸ் கேர்-ங்கிற ஆப்ல அந்த நம்பரை அடிச்சா அது எந்தக் கம்பெனியோடதுன்னு காட்டும். ஆன்லைன்ல ரொம்ப விலை கம்மியா வர்றதுக்கு இதைக் கட்டாயம் பாருங்க.

அப்புறம் மூடி. ரெண்டு வகை இருக்கு. மேல வச்சு திருப்பிப் பூட்டுறது ஒண்ணு, பிரெஸ்டீஜ் குக்கர்ல பரவலா பாத்திருப்பீங்க. உள்ள சாய்ச்சு விட்டு கீழ இருந்து மேல வந்து அடைச்சுக்கிறது இன்னொண்ணு, ஹாக்கின்ஸ்னா நம்ம ஞாபகத்துக்கு வர்றது அதுதான். உள்மூடியில ஆவி இருக்குற வரைக்கும் திறக்கவே முடியாது, ஆவியே உள்ள இருந்து மூடியைத் தள்ளிப் பிடிச்சிருக்கும், பயந்த சுபாவம் உள்ளவங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனா வாய் சின்னது, அடுக்குப் பாத்திரம் இறக்கி ஏத்துறது கஷ்டம், மூடியை உள்ள விடுற கோணம் பழகவும் நாலு நாள் ஆகும். வெளிமூடியில வாய் முழுசா திறந்து இருக்கும், நம்ம ஊர் மாதிரி கீழ பருப்பு மேல சாதம்னு அடுக்குறவங்களுக்கு அதுதான் வசதி. வெளிமூடியோட ஓரத்துல நீளமா ஒரு திறப்பு இருக்கும், அழுத்தம் எகிறினா கேஸ்கெட் அது வழியா பிதுங்கி ஆவியை விட்டுடும், அதனால அடுப்புல வைக்கும்போது அந்தத் திறப்பு உங்க பக்கம் பாக்காம திருப்பி வைங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே மூணு தடவை மூடித் திறந்து பாருங்க. கூச்சப்படாதீங்க. உங்க மணிக்கட்டுக்கு வராத குக்கர் வீட்டுக்கு வந்தா பரணுக்குத்தான் போகும். அந்த மாடலுக்கு கேஸ்கெட்டும் வெயிட்டும் பக்கத்துக் கடையில கிடைக்குமான்னும் கேட்டுக்கோங்க, பேர் தெரியாத மாடல் வாங்கிட்டு ஒரு ரப்பருக்காக ஊர் பூரா அலைஞ்சவங்களை எனக்குத் தெரியும்.

கேஸ் இல்லாத வீடு, ஹாஸ்டல், வெளிநாடுன்னா எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் இருக்கு. பட்டனை அமுக்கிட்டு போயிடலாம், விசில் எண்ண வேணாம். அழுத்தம் நம்ம அடுப்பு குக்கரை விடக் கொஞ்சம் குறைவுதான், அதனால கடலை மட்டன் எல்லாம் சில நிமிஷம் கூட எடுக்கும், அதுக்கு ஏத்த மாதிரி நேரம் வச்சுக்கணும்.

முதல் தடவை அடுப்புல ஏத்துறது

முதல் நாள் வெறும் தண்ணி. ரெண்டு டம்ளர் ஊத்தி, ஒரு துண்டு எலுமிச்சைத் தோல் போட்டு, மூடி, ரெண்டு விசில் விட்டு நிறுத்துங்க. சத்தம் எப்படி வருது, ஆவி எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா பயம் பாதி போயிடும்.

ரெண்டாவது நாள் பருப்பு. மூடுறதுக்கு முன்னாடி மூடியைத் தூக்கி, வெயிட் உக்காருற அந்தச் சின்னக் குழாய் வழியா ஜன்னல் வெளிச்சத்தைப் பாருங்க. வெளிச்சம் தெரியணும். இது ஒவ்வொரு தடவையும் பண்ண வேண்டிய வேலை, ரெண்டு செகண்ட்தான். கேஸ்கெட்டைத் தண்ணியில நனைச்சு போடுங்க. அரை டம்ளர் பருப்புக்கு ஒன்றரை டம்ளர் தண்ணி, மஞ்சத்தூள், ரெண்டு சொட்டு எண்ணெய், எண்ணெய் விட்டா நுரை அடங்கும். வெயிட்டை உடனே போடாதீங்க. தீயைப் பெருசா வச்சு, குழாய் வழியா ஆவி நூல் பிடிச்ச மாதிரி விடாம சீறி வரணும், அப்ப போடுங்க. அம்மாக்கள் காலங்காலமா சொல்றது இதுதான், காரணமும் இருக்கு, உள்ள இருக்குற காத்து முழுசா வெளிய போனாத்தான் அந்த 120 டிகிரி கிடைக்கும், காத்து மாட்டிக்கிட்டா அழுத்தம் இருக்கும் ஆனா சூடு குறைவா இருக்கும்.

முதல் விசில் வந்ததும் சிம். இதை மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுடாதீங்க. விசில்ங்கிறது நேரக் கணக்கு இல்ல. பெரிய தீயில ஒரு நிமிஷத்துல ரெண்டு விசில் வரும், சிம்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வரும், 2 லிட்டர்ல வேற மாதிரி 5 லிட்டர்ல வேற மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா மூணு விசில்னு சொன்னது அவங்க குக்கர் கணக்கு. உள்ள அழுத்தம் வந்தாச்சுன்னா தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, வெயிட் தூக்கி ஆவியா வெளிய போறது உங்க கேஸ்தான். அதனால முதல் விசிலுக்கு அப்புறம் சிம்ல வச்சு கடிகாரத்தைப் பாருங்க: ஊற வச்ச துவரம்பருப்புக்கு ஏழெட்டு நிமிஷம், உருளைக்கிழங்கு முழுசுன்னா பத்து, ராத்திரி ஊறின கொண்டைக்கடலைக்கு பதினஞ்சு, மட்டனுக்கு இருபதுல ஆரம்பிச்சு கறியைப் பொறுத்து. நாலு தடவை பண்ணினா உங்க அடுப்புக்கும் உங்க தண்ணிக்கும் என்ன கணக்குன்னு உங்களுக்கே வந்துடும், அதை மூடி வைக்கிற அலமாரிக் கதவுல எழுதி ஒட்டிக்கோங்க.

அடுப்பை அணைச்சதும் வெயிட்டைத் தூக்காதீங்க. பருப்பு அந்தச் சூட்டுலயே இன்னும் வேகும், தானா இறங்க விடுங்க. அவசரமா வெயிட்டைத் தூக்கினா பருப்புத் தண்ணி குழாய் வழியா பீச்சி அடிச்சு அடுப்பு மேடை பூரா மஞ்சளாகும், கையும் சுடும்.

எனக்கு நடந்தது

பத்து வருஷம் முன்னாடி, பச்சைப்பயறு. அவசரத்துல முக்கால் குக்கர் நிரப்பிட்டேன், குழாயையும் பாக்கல. எட்டு நிமிஷம் ஆச்சு, பத்து நிமிஷம் ஆச்சு, விசில் வரல. வந்துடும் வந்துடும்னு ஹால்ல உக்காந்து பையனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு "டப்"புன்னு சேஃப்டி வால்வு போய், ஆவியோட பயறு மொத்தமும் சீலிங்ல ஒட்டிக்கிச்சு. யாரும் கிச்சன்ல இல்ல, அது அன்னிக்கு எங்க நல்ல நேரம். அப்புறம் மூடியைக் கழுவும்போதுதான் பாத்தேன், குழாய்க்குள்ள பயத்தந்தோல் ஒண்ணு சுருண்டு அடைச்சிருந்துச்சு, நகத்தளவு கூட இல்ல. அந்த வால்வு மட்டும் டூப்ளிகேட்டா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

அதனால சொல்றேன், வழக்கமா விசில் வர்ற நேரத்துக்கு மேல மூணு நாலு நிமிஷம் ஆகியும் வரலன்னா கிட்டப் போய் ஆராய்ச்சி பண்ணாதீங்க. அடுப்பை அணைச்சுட்டு வெளிய வந்து அரை மணி நேரம் விட்டுடுங்க. மூடியைக் குத்தித் திறக்கிறது, கத்தியால நெம்புறது எதுவும் வேணாம். ஆறினதுக்கு அப்புறம் பாத்தா காரணம் இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும், தண்ணி போதல, கேஸ்கெட் தளர்ந்து ஓரமா ஆவி ஒழுகுது, இல்ல குழாய் அடைச்சிருக்கு.

கழுவி வைக்கிறது

கேஸ்கெட்டை ஒவ்வொரு தடவையும் கழட்டிக் கழுவுங்க, அந்த இடுக்குலதான் பருப்பு ஒட்டி நாறும். ஓரமா ஆவி ஒழுக ஆரம்பிச்சா, இல்ல ரப்பர் இறுகி வெடிப்பு விட்டா, மாத்துற நேரம் வந்தாச்சு. தினமும் போடுற வீட்டுல வருஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. வெயிட்டைக் குலுக்கி, குழாயில ஒரு மெல்லிசான குச்சியை விட்டு எடுத்து, தண்ணியை ஓட விடுங்க. அடுக்குப் பாத்திரம் வைக்கும்போது கீழ ஊத்துற தண்ணியில ஒரு கொட்டைப்பாக்கு அளவு பழைய புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டா அலுமினியம் உள்ள கறுக்காது. காய வச்சுட்டு மூடியை பூட்டாம தலைகீழா கவுத்து வைங்க, பூட்டி வச்சா மறுநாள் திறக்கும்போதே ஒரு வாடை அடிக்கும், ரப்பரும் சீக்கிரம் தளர்ந்துடும். கேஸ்கெட்டை நான் அடுப்புக்குப் பக்கத்துல ஒரு ஆணியில மாட்டி வச்சிருக்கேன், தட்டையா காயும், தேடவும் வேணாம்.